பெயர்க் கட்டத்தில் இருந்த ஓட்டை

உலகத்தில் எந்த மூலையில் உட்கார்ந்து தேடினாலும் என் பெயர் கிடைக்கும். மென்பொருள்களில் உள்ள பாதுகாப்பு ஓட்டைகளைப் பதிவு செய்து வைத்திருக்கும் இடத்தில், ஓர் அறிவிப்பின் கடைசி வரியில், ‘கண்டறிந்தவர்: ஏகாம்பரம், படாளம்’ என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது. ஊர்ப் பெயரையும் சேர்க்கச் சொன்னவன் நான்தான். ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்காரன் நிறுத்துவதற்கே யோசிக்கிற ஊர் அது. அந்த ஊரின் பெயரை அங்கே கொண்டுபோய் வைத்தவன் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இதைப் பெருமை என்று யாராவது சொன்னால், ஆமாம், பெருமைதான். சம்பாதித்த பெருமை.

நான் ஓய்வு பெற்ற கம்பெனியில் இப்போது சோதனை வேலைக்கு ஆள் எடுப்பதில்லையாம். மென்பொருளை மென்பொருளே சோதித்துக்கொள்கிறதாம். அங்கே இருக்கும் பிள்ளைகள், ஆண்டு மலருக்கு அந்த ஓட்டையைக் கண்டுபிடித்த கதையை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறேன். ஆனால் அவர்கள் கேட்டது இதில் பாதிதான். மீதிப் பாதியை எழுதாவிட்டால் முதல் பாதியில் என் பெயர் இருந்து பிரயோஜனம் இல்லை.

நான் தொழில் கற்ற கதையை நீட்ட மாட்டேன். செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் சேர்ந்தேன். மெஷின் ரிப்பேர் ஆனால் மெக்கானிக் சென்னையிலிருந்து வர வேண்டும். அவர் வருவதற்குள் நானே பிரித்துப் பூட்டிவிடுவேன். அங்கிருந்து ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்கு எடுபிடியாகப் போனேன். கூட்டிப் பெருக்கிய நேரம் போக, பின் பெஞ்சுக்குப் பின்னால் நின்று பாடம் கேட்டேன். பிறகு கேளம்பாக்கத்தில் அப்போதுதான் முளைத்திருந்த ஒரு மென்பொருள் கம்பெனியில் வயர் இழுக்கப் போனவன், அங்கேயே சோதனைப் பிரிவில் உட்கார்ந்துவிட்டேன். பட்டம் வாங்கியவர்கள் வந்தார்கள், போனார்கள், வெளிநாடு போனார்கள். நான் அசையவில்லை.

எங்கள் கம்பெனி தயாரித்தது ஒரு கருவி மென்பொருள். தொழிற்சாலைகளில் மோட்டாரையும் பம்பையும் ஓட வைக்கிற கன்ட்ரோலர் பெட்டி இருக்கிறதே, அதற்குக் கட்டளை எழுதித் தருவது. எழுதுகிறவர் லேப்டாப்பில் எங்கள் மென்பொருளைத் திறந்து, எந்த மோட்டார் எப்போது ஓட வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று கட்டங்களில் நிரப்பி, ஒரு பொத்தானை அழுத்தினால், அது பெட்டிக்குள் போய் இறங்கிவிடும். தண்ணீர்த் தொட்டி, ஐஸ் கம்பெனி, இறால் பண்ணை எல்லாவற்றிலும் எங்கள் கருவி இருந்தது.

சோதனைப் பிரிவுக்குத் தலைவி வசந்தா மேடம். அவரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. காது கொடுத்தால்தான் கேட்கும் அளவுக்கே பேசுவார், அதனால் அவர் பேசும்போது நாங்கள் எல்லோரும் குனிந்துகொண்டிருப்போம். “கோளாறு இருக்குன்னு நினைக்கிறேன் மேடம்” என்று போய் நின்றால், “நினைக்கிறதை வீட்ல வச்சிட்டு வாங்க. செஞ்சு காட்டுங்க” என்பார்.

செய்து காட்டுவதற்கு ஒரு முறை வைத்திருந்தார். அவருடைய பீரோவில் துணி சுற்றிய ஒரு கம்ப்யூட்டர் இருக்கும். அதில் எங்கள் மென்பொருளைத் தவிர வேறு எதுவும் ஏறியிருக்காது. கோளாறைக் கண்டவன் படிப்படியாக என்ன செய்தான் என்று பலகையில் எழுத வேண்டும். அப்புறம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும். வேறொருவர் வந்து பலகையைப் பார்த்து அப்படியே செய்வார். கண்டவன் வாயைத் திறக்கக் கூடாது. ‘அங்க இல்ல, இங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கம்ப்யூட்டரைத் துடைத்து, முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார். மூன்று பேர் செய்து மூன்று பேருக்கும் கோளாறு வந்தால்தான் அவர் தலையை ஆட்டுவார். அந்த நாற்காலியில் கையைக் கட்டி உட்கார்ந்தவர்களில் அதிகம் தலையாட்டு வாங்கியவன் நான். கேட்டுப் பாருங்கள், இப்போதும் சொல்வார்கள்.

இனி அந்த இறால் பண்ணை.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, சவுக்குத் தோப்பைத் தாண்டி, கடலை ஒட்டி ஒரு இறால் குஞ்சுப் பண்ணை இருந்தது. முதலாளி வேதகிரி அச்சரப்பாக்கத்துக்காரர். நெல் வியாபாரம் செய்துகொண்டிருந்து இறாலுக்கு மாறியவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆளை வேலை வாங்குவார், சாப்பாடு போடுவார், கல்யாணத்துக்கு வருவார். பண்ணையில் கன்ட்ரோலர் பெட்டியையும் புளோயரையும் பார்த்துக்கொண்டவன் அருள்தாஸ். பக்கத்துக் குடியிருப்புப் பையன், ஐ.டி.ஐ. படித்தவன். அப்பா அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அந்தக் குடும்பத்தில் முதல் மாதச் சம்பளக்காரன் அவன்தான். ஞாயிற்றுக்கிழமை டூட்டி முறை இல்லாவிட்டால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளையோடு சர்ச்சுக்குப் போவான்.

இறால் குஞ்சுத் தொட்டிக்கு உயிர் காற்றுதான். புளோயர் காற்றை இறைத்துக்கொண்டே இருக்கும். தொட்டித் தண்ணீர் கொதிக்கிற மாதிரி குமிழ் விட்டுக்கொண்டே இருக்கும். கரண்ட் போனால் ஜெனரேட்டர் பிடித்துக்கொள்ளும். பத்து வினாடி கழித்துப் பெட்டி புளோயரை எழுப்பும். எழுந்திருக்காவிட்டால் சைரன் கூவும்.

புதுக் குஞ்சு விடுவதற்கு முன் வெள்ளிக்கிழமை பூஜை போட்டார்கள். பெட்டி பதித்த பேனலுக்குச் சந்தனம், குங்குமம், புளோயர்களுக்கு மாலை, சூடம். கடைத்தெருவில் பில் புத்தகத்தின் தலையில் சாமி பெயர் போடுகிற மாதிரி, பெட்டிக்குள்ளும் அம்மன் பெயர் இருக்க வேண்டும் என்று வேதகிரிக்கு அந்த வருஷம் தோன்றியிருக்கிறது. எங்கள் மென்பொருளின் முதல் பக்கத்தில் ‘திட்டத்தின் பெயர்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் ‘அருள்மிகு ஸ்ரீ முத்துமாரியம்மன் துணை’ என்று தமிழில் அடிக்கச் சொன்னார். அருள்தாஸ் அடித்தான். பொத்தானை அழுத்திப் பெட்டியில் இறக்கினான்.

ஒவ்வொரு முறை இறக்கிய பிறகும் மெயினை அணைத்து, புளோயர் திரும்ப எழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது விதி. நான் நேரில் போய் அந்தப் பண்ணைக்குச் சொல்லிக் கொடுத்த விதி. அன்றைக்கு அந்தச் சோதனை நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கரண்ட் போயிற்று.

திங்கட்கிழமை நான் போனபோது தொட்டிகளை வடித்துக்கொண்டிருந்தார்கள். வலையில் அள்ளி அள்ளிக் குழியில் கொட்டினார்கள். உயிரோடு இருக்கும்போது கண்ணுக்கே தெரியாத கண்ணாடி மாதிரி இருக்கும் குஞ்சு. செத்தால் வெள்ளையாகிவிடும். அடித்தளம் முழுக்கச் சுண்ணாம்பு பூசின மாதிரி கிடந்தது. சவுக்கு மரமெல்லாம் காக்கை.

வேதகிரி நாற்காலியைப் பேனல் எதிரே போட்டு உட்கார்ந்திருந்தார்.

“வா சாரு. ஒண்ணே ஒண்ணு சொல்லிட்டுப் போ. ஒங்க பொட்டி தூங்கிச்சா, என் ஆளு ஊரு சுத்தப் போனானா?”

அருள்தாஸ் சுவரோரம் நின்றான். முழங்கால் வரை உப்புத் தண்ணீர் காய்ந்து வெள்ளையாக இருந்தது.

“நான் எங்கியும் போவலண்ணே. பாசி ரூம்ல, குஞ்சுத் தீனிக்குப் பாசி பாத்துக்கினு இருந்தேன். கரண்ட் போச்சு, ஜெனரேட்டரு புடிச்சிக்கிச்சு. அது பாசி ரூம் செவுத்தாண்ட தான கத்துது, அதத் தவுர வேற இன்னா கேக்கும்? எல்லாம் ஓடுதுன்னு நெனச்சிக்கினேன். சைரனும் வர்ல. வெளிய வந்து பாத்தா தண்ணி தட்டையா கீது.”

“பேனல்ல இன்னா காட்டிச்சு?” என்று கேட்டேன்.

“பச்ச லைட்டு. ஆட்டோன்னு. ஒரு கொறையும் காட்டல. பயந்துட்டு பழைய ஃபைல ஏத்தினேன், டக்குனு புளோயரு ஓடிச்சு. அதுக்குள்ள…”

“வெள்ளிக்கிழமை எறக்கின பெறகு மெயின ஆஃப் பண்ணிப் பாத்தியா?”

அவன் முதலாளியைப் பார்த்தான். “பண்றேன்னு தான் சொன்னேன். சூடம் காட்டின மோட்டார நிறுத்தக் கூடாதுன்னாரு.”

“டேய்,” என்றார் வேதகிரி, எழுந்திருக்காமல். “சாமி மேல பழி போடாத. போட்ட பூஜைக்குத் தான் இத்தினி வருஷம் ஓடிச்சு.” என் பக்கம் திரும்பினார். “அண்ணாத்த, நேத்து ஞாயித்துக்கெழம. இவன் எங்க போயிருப்பான்னு எனுக்குத் தெரியாதா?”

நான் வெள்ளிக்கிழமை ஃபைலைத் திறந்து பார்த்தேன். காத்திருக்கும் நேரம் பத்து வினாடி என்று சரியாகத்தான் இருந்தது. பெட்டியில் இப்போது இருப்பதோ பழைய ஃபைல். ஒரு தடயமும் இல்லை. “பாத்துச் சொல்றேன்” என்று ஃபைலைப் பிரதி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ரோடு வரை அருள்தாஸ் கூடவே வந்தான்.

“அண்ணே, பொட்டி மேல தப்பில்லன்னு மட்டும் சொல்லிடாதீங்க. அப்டி சொன்னா அது நான் தான்னு ஆயிடும்.”

அவனுக்கு அப்போதே எல்லாம் விளங்கியிருந்தது.

கேளம்பாக்கத்தில் அதே மாதிரிப் பெட்டி ஒன்றை மேஜை மேல் வைத்து, வெள்ளிக்கிழமை ஃபைலை இறக்கி, கரண்ட்டைப் பிடுங்கித் திரும்பச் செருகினேன். பத்து வினாடியில் உள்ளே ரிலே, அதாவது மோட்டாரை ஓட வைக்கும் சுவிட்ச், ‘டக்’ என்று விழ வேண்டும். விழவில்லை. டீ குடித்துவிட்டு வந்தேன். விழவில்லை. பழைய ஃபைலைப் போட்டேன், டக்.

இந்த இடத்தில்தான் நான் யார் என்று தெரிய வேண்டும். இரண்டு ஃபைலுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி இறக்கினேன். தொட்டி எண், மோட்டார் வரிசை, பகல் நேரம், எதை மாற்றினாலும் ரிலே செத்த மாதிரிக் கிடந்தது. கடைசியில் மிச்சம் இருந்தது பெயர்க் கட்டம். பெயருக்கும் மோட்டாருக்கும் என்ன சம்பந்தம்? வேறு எவனாக இருந்தாலும் அதைத் தொட்டிருக்க மாட்டான். நான் அம்மன் பெயரை அழித்துவிட்டு ABC என்று அடித்தேன். டக்.

திரும்ப அம்மன் பெயர். சத்தம் இல்லை. விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். நானும் சாமி கும்பிடுகிறவன்தான்.

வசந்தா மேடம் பீரோவைத் திறந்தார். துணியைப் பிரித்தார். நான் பலகையில் எழுதிவிட்டுக் கையைப் பின்னால் கட்டி உட்கார்ந்தேன். முதல் ஆள் செய்தார், ரிலே விழவில்லை. இரண்டாம் ஆள், மூன்றாம் ஆள். மேடம் தலையை ஆட்டினார். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு மூல நிரலைப் படிக்க உட்கார்ந்தார். ஃபைலைப் படித்துப் பெட்டிக்கு அனுப்பும் பகுதி நாங்கள் எழுதியது இல்லை, வெளியிலிருந்து வாங்கிச் சேர்த்த பழைய பாகம். வேலை செய்கிறது என்று யாரும் திறந்தே பார்க்காதது.

மறுநாள் அவர் எனக்கு விளக்கிய விதத்தை அப்படியே சொல்கிறேன். பெட்டிக்கு அனுப்பும் முன் எல்லா விவரத்தையும் மெமரியில் வரிசையாக அடுக்குகிறார்கள். பெயருக்கு இத்தனை அறை என்று ஒதுக்கியிருக்கிறது. உள்ளே விடும் முன் எழுத்துகளை எண்ணிப் பார்க்கவும் செய்கிறார்கள். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஓர் அறை போதும். தமிழுக்கு மூன்று அறை வேண்டும். கால், கொம்பு, கொக்கி வந்தால் அதற்கு இன்னொரு மூன்று. எண்ணும்போது எழுத்தை எண்ணினார்கள், ஒதுக்கும்போது அறையை ஒதுக்கினார்கள். அம்மன் பெயர் தன் இடத்தை நிரப்பிவிட்டு, மீதி, பக்கத்து அறையில் போய் உட்கார்ந்துவிட்டது. அங்கே குடியிருந்தது புளோயர் காத்திருக்க வேண்டிய நேரம். திரையில் பத்து வினாடி என்று காட்டிக்கொண்டே, பெட்டிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் காத்திரு என்று போயிருக்கிறது. காத்திருப்பது கோளாறு இல்லையே, அதனால்தான் பச்சை விளக்கு. அந்த ஒரு மாதம் முடிந்த பிறகுதான் சைரனும் கூவும். இதற்கு பஃபர் ஓவர்ஃப்ளோ என்று பெயர்.

கேளம்பாக்கத்தில் உட்கார்ந்து, தமிழில் பேசி, தமிழில் சண்டை போட்டு, அத்தனை பேரும் வருஷக்கணக்காகச் சோதித்த கருவி. அந்தக் கட்டத்தில் ஒருவரும் தமிழில் ஒரு பெயர் அடித்துப் பார்த்ததில்லை.

“அப்ப அந்தப் பையன் மேல தப்பில்ல மேடம். போன் போட்டுச் சொல்லிடறேன்.”

“உட்காருங்க ஏகாம்பரம்.”

அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த சந்தோஷம் இல்லை.

“இது தெரியாம வழிஞ்சது. தெரிஞ்சு வழிய விட்டா? அந்தக் கட்டத்துல சாமி பேருக்குப் பதிலா ஒருத்தன் தன்னோட கட்டளையை எழுதி வச்சா, ஃபைலைத் திறந்து அனுப்பற லேப்டாப் அவன் சொன்னதைக் கேட்கும். இந்த ஃபைல்களை எல்லாம் எப்படி ஒருத்தருக்கொருத்தர் குடுத்துக்கிறாங்க?”

“வாட்ஸ்அப்ல தான் மேடம். ஒரு பண்ணைல எழுதினத அடுத்த பண்ணைல வாங்கிப் போட்டுக்குவாங்க.”

“குடிதண்ணி பம்ப் ஹவுஸ்லயும் நம்ம கருவிதான. அங்க இப்படி ஒரு ஃபைல் போனா? சரி பண்ணின பதிப்பு எல்லார் கைக்கும் போற வரைக்கும் இது வெளிய போகக் கூடாது. இந்த மாதிரி ஓட்டைகளைப் பதிவு பண்ற அரசாங்க அமைப்புக்கு எழுதறேன், பாகம் வித்தவங்களுக்கு எழுதறேன். அதுவரைக்கும் உங்க வீட்லகூடச் சொல்லக் கூடாது.”

“அந்தப் பையனுக்கு மட்டும் மேடம். ஒரு வார்த்தை.”

“அவன் முதலாளிகிட்ட சொல்வான். சொல்லணும், சொல்லாம எப்படி இருப்பான்? முதலாளி பண்ணைக்காரங்க சங்கத்துல சொல்வார். எந்தக் கட்டம்னு தெரிஞ்சா போதும், மீதியை யார் வேணா கண்டுபிடிப்பாங்க.”

அவர் சொன்னது சரி. இன்றும் அதையேதான் சொல்வேன். தொழிலில் அதுதான் முறை. பூட்டு உடைந்திருக்கிறது என்று தெருவில் கத்திவிட்டு, பிறகு பூட்டு வாங்கப் போகக் கூடாது. ஆனால் அவரும் சும்மா இருக்கவில்லை. ‘ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது, முடிவு தெரியும் வரை ஊழியர் யார் மீதும் பொறுப்பைச் சுமத்த வேண்டாம்’ என்று வேதகிரிக்கு ஒரு கடிதம் எழுதினார். அது எங்கள் மேலிடத்துக்குப் போய், வக்கீலுக்குப் போய்த் திரும்பியபோது ‘ஆய்வு நடந்துகொண்டிருக்கிறது’ மட்டும் மிச்சம் இருந்தது. கோளாறை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமாம். மேடம் அந்தத் தாளை மடித்து மேஜைக்குள் வைத்தார். சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே அன்றைக்கு வீட்டுக்குப் போனார்.

ஒரு நாள் மத்தியானம் அருள்தாஸ் கேளம்பாக்கம் வந்து, கம்பெனி வாசலில் செக்யூரிட்டியிடம் என் பெயரைச் சொல்லி நின்றான். பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்குக் கூட்டிப் போனேன். டீயைத் தொடவில்லை.

“மொதலாளி ரெண்டு வழி சொல்றாரு. டூட்டில இல்லாம சர்ச்சுக்குப் பூட்டேன்னு ஒத்துக்கினு, சங்கத்துல மன்னிப்புக் கேட்டா, மனுசன் தப்பு பண்றது தான்னு வுட்டுடுவாராம். ஒத்துக்கலன்னா, வேணும்னே நிறுத்துனன்னு போலீஸ்ல குடுப்பாராம். அண்ணே, நான் அன்னிக்கி சர்ச்சுக்கே போவல. டூட்டின்னு எம் பொண்டாட்டி தான் புள்ளைய இட்டுக்கினு போனா. ஊரே பாத்துச்சு.”

“கொஞ்சம் பொறுத்துக்கோ தாஸு.”

“எதுக்கு பொறுக்கணும்? ஒங்க பொட்டில இன்னாவோ இருந்துச்சு. ஒங்க மூஞ்சிலயே தெரியுது.”

“ஆய்வு நடக்குது.”

“அதான் லெட்டர்ல வந்துச்சே. மொதலாளி படிச்சிட்டுச் சிரிச்சாரு.” எழுந்தான். “ஒண்ணும் சொல்ல வேணாம். எம் மேல தப்பு இல்லன்னு மட்டும் தலைய ஆட்டுங்க, நான் போலீஸ் வரட்டும்னு உக்காந்துக்கறேன்.”

என் தலை எத்தனையோ பேருக்குப் பதில் சொன்ன தலை. அன்றைக்கு அசையவில்லை. அவன் டீயை அப்படியே வைத்துவிட்டு மாமல்லபுரம் பஸ் ஏறினான்.

அடுத்த வாரம் வீடியோ வந்தது. பண்ணைகள் எல்லாம் சேர்ந்து வைத்திருக்கும் வாட்ஸ்அப் குழுவில் நானும் இருந்தேன். காலித் தொட்டிக்கு முன்னால் நிற்க வைத்து எடுத்திருந்தார்கள். சர்ச்சுக்குப் போடும் அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருப்பார்கள் போல. “என் பேரு அருள்தாஸ். டூட்டில இருக்க வேண்டிய நேரத்துல சர்ச்சுக்குப் பூட்டேன். என்னால தான் குஞ்சு எல்லாம் செத்துப் போச்சு. எல்லா மொதலாளிங்களும் மன்னிக்கணும்.” கும்பிட்டான். கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், “இன்னொரு வாட்டி, சத்தமா” என்றது. சத்தமாகச் சொன்னான்.

அந்த வீடியோ மரக்காணம் போய், நெல்லூர்ப் பக்கம் போய், தெலுங்கில் எழுத்துப் போட்டுத் திரும்பி எனக்கே வந்தது. அருள்தாஸுக்கு எந்தப் பண்ணையிலும் வேலை இல்லை. அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தக் குடியிருப்புப் பையன்களுக்கு ஞாயிற்றுக்கிழமை டூட்டி கொடுப்பதில்லை என்று ஆரம்பித்து, பிறகு அந்தக் குடியிருப்புப் பையன்களே வேண்டாம் என்று ஆயிற்று. சர்ச்சில் அன்றைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் அவன் அங்கே வரவில்லை என்று தெரியும். ஆண்டவர் பெயரைச் சொல்லி ஏன் பொய் சொன்னாய் என்று கேட்டார்களாம்.

மாதங்கள் போயின. ஓட்டை அடைத்த பதிப்பு எல்லா வாடிக்கையாளருக்கும் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு அறிவிப்பு வெளியாயிற்று. என் பெயர் அதில் வந்த நாள், கம்பெனியில் கேக் வெட்டினார்கள். நான் அதை அச்செடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மேடத்திடம் சொல்லிவிட்டு, ஒரு பெட்டியையும் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு நேரே வேதகிரியிடம் போனேன். அருள்தாஸையும் வரச் சொல்லியிருந்தேன்.

வேதகிரியின் மேஜை மேலேயே செய்து காட்டினேன். ஓட்டை அடைக்காத பழைய பதிப்பில் அம்மன் பெயரைப் போட்டு இறக்கினேன். கரண்ட்டைப் பிடுங்கிச் செருகினேன். சத்தமில்லை. ABC போட்டேன். டக். “நீங்களே செய்யுங்க” என்று அவர் கையாலேயே செய்ய வைத்தேன். அவர் அடித்த பெயருக்கும் ரிலே விழவில்லை.

அவர் தானே இன்னொரு முறை பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் பார்த்தார். மனிதருக்கு விளங்கிவிட்டது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

“சரி அண்ணாத்த. பாத்துட்டேன்.”

“அப்ப அதே குரூப்ல ஒரு வார்த்தை போட்டுடுங்க. தாஸு மேல தப்பில்லன்னு.”

“இன்னான்னு போடறது? சொல்லு. அம்மன் பேரு எழுதினதால என் தொட்டி செத்துச்சுன்னா? ஆடி மாசம் கூழு ஊத்தறவன் நானு. கோயிலு தர்மகர்த்தா. ஊர்ல எவன் என் மூஞ்சில முழிப்பான்?”

“அம்மன் மேல தப்புன்னு யாரு சொன்னது? எங்க கருவி மேல தப்பு.”

“நீ அறைன்னுவ, எழுத்துன்னுவ. கேக்கறவனுக்கு இன்னா புரியும்? வேதகிரி சாமி பேரு எழுதினான், குஞ்சு செத்துச்சு. அவ்ளோ தான் புரியும்.” அருள்தாஸ் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “அவன வேணா நான் மறுபடி வேலைக்குச் சேத்துக்கறேன். தோட்டத்துல.”

அருள்தாஸ் வாசலைப் பார்த்து நடந்தான். வெளியே வந்ததும் என் பையிலிருந்த அறிவிப்பைக் கேட்டான். கொடுத்தேன். ஆங்கிலத்தில் இருந்ததை விரல் வைத்து நிதானமாகப் படித்தான். ‘குறிப்பிட்ட சூழ்நிலைகளில்’, ‘நீளமான பெயர் உள்ளிடப்பட்டால்’, ‘எதிர்பாராத விளைவுகள் ஏற்படக்கூடும்’. கடைசி வரிக்கு வந்தான்.

“இது நீங்க தான?”

“ஆமா.”

“நல்லா கீதுண்ணே. ஊரு பேரெல்லாம் போட்டுக்கீறாங்க.” மடித்துக் கொடுத்துவிட்டான்.

அவன் இப்போது கேளம்பாக்கத்துக்கும் கோவளத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இருந்தாலும் பண்ணைக்காரர்கள் பெட்டியில் சந்தேகம் என்றால் இன்னமும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். என் கை பட்டால்தான் அவர்களுக்குத் திருப்தி. போன மாதம் கடற்கரையில் புதிதாகத் திறந்த ஒரு பண்ணைக்குப் போனேன். ஷெட்டில் புது ஆட்களை உட்கார வைத்து, சூப்பர்வைசர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். சுவரில் டி.வி. வெள்ளைச் சட்டை, காலித் தொட்டி, கும்பிட்ட கை.

“ஞாயித்துக்கெழம லீவு கேக்கறவன் எவனா கீறானா? இத நல்லா பாத்துக்கோ,” என்றார் சூப்பர்வைசர்.

நான் எழுந்தேன். அந்த வீடியோவில் இருப்பது பொய், ஓட்டை இருந்தது கருவியில், அதைக் கண்டுபிடித்தவனே நான்தான், வேண்டுமானால் போனில் தேடிப் பாருங்கள், என் பெயர் இருக்கும் என்று சொன்னேன். பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். சூப்பர்வைசர் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார். டீ வரவழைத்தார். என்னைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்னார்:

“நீங்க சொல்றது நெசமா தான் இருக்கும் சார். ஆனா இதக் காட்டினா பசங்க ஒழுங்கா வர்றானுங்க. அதுக்கு நான் வேற இன்னாத்தக் காட்டுவேன்?”

அந்த ஞாயிற்றுக்கிழமை கோவளம் போக அருள்தாஸின் ஆட்டோவில் ஏறினேன். முன் சீட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னேன். இன்னமுமா காட்டுகிறார்கள் என்று கேட்பான் என நினைத்தேன். ஹாரன் அடித்து வண்டியை ஓரம் கட்டினான். சர்ச் வாசலில் இரண்டு பெண்கள் இறங்கினார்கள். உள்ளே பாட்டு ஆரம்பித்திருந்தது. அவன் சில்லறையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தான்.

கொஞ்ச தூரம் போன பிறகு, ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

“நான் அன்னிக்கி சர்ச்சுக்குப் போவலன்னு சர்ச்சுல கீறவங்களுக்குத் தெரியும். ஒங்களுக்குத் தெரியும். ஒங்க மேடத்துக்குத் தெரியும். மொதலாளிக்கும் தெரியும். இப்ப அந்த சூப்பருவைசருக்கும் தெரியும். இத்தினி பேருக்குத் தெரிஞ்சும் அது பொய்யாவ மாட்டேங்குதேண்ணே.”